விண்ணப்பம், மறுப்பு, முறையீடு: ஒரு படிவத்தின் வரலாறு

1

வந்தவாசியில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளிக் கோரைப்பாய்த் தறி போட்டிருக்கிற ஒருவர் போன மாசி மாதம் ஒரு கடிதத்தோடு என் வீட்டுக்கு வந்தார். அவருடைய மகன் மேல்படிப்புக்காக ஒரு மேலை நாட்டுக்கு விசா கேட்டிருந்தான். வந்த பதில் அது. 'இங்கிலீஷ்ல கீது சார். பையன் படிச்சிட்டு ஒண்ணும் சொல்லாம படுத்துக்கினு கீறான். நீங்க படிச்சுச் சொல்லுங்க' என்றார்.

இரண்டு பக்கம். வங்கிக் கணக்கிலுள்ள பணம் சமீபத்தில் போடப்பட்டது, அதன் மூலம் தெளிவாக இல்லை. தகப்பனாரின் ஆவணங்களில் மாவட்டப் பெயர் ஒன்றுக்கொன்று முரண்படுகிறது. 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தில் எழுதியிருப்பதும் மற்ற ஆவணங்களில் இருப்பதும் ஒத்துப்போகவில்லை. ஆகவே படிப்பு முடிந்ததும் நீங்கள் நாடு திரும்புவீர்கள் என்பதில் எனக்குத் திருப்தி ஏற்படவில்லை. இம்முடிவை எதிர்த்து மேல்முறையீடு கிடையாது. புதிதாகக் கட்டணம் செலுத்தி மறுபடி விண்ணப்பிக்கலாம். 'எனக்கு' என்று எழுதிய அந்த 'நான்' யார் என்று தேடினால் கடைசியில் பெயர் இல்லை, ஓர் எண்தான் இருக்கிறது.

படித்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: 'நாம பொய் சொன்னோம்னு எழுதிகீதா சார்?' இல்லை என்றேன். 'அப்போ நெசம் சொன்னோம்னு எழுதிகீதா?' அப்படியும் இல்லை. 'பின்ன இன்னாதான் எழுதிகீறான்?'

இந்தக் கேள்விக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவரைச் சமாதானப்படுத்துவதற்காக அல்ல, எனக்கே விளங்கிக்கொள்வதற்காக எழுதுகிறேன். மாவட்ட முரண்பாடு என்பதை முதலில் பார்ப்போம். அவர் பிறந்தபோது வந்தவாசி வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1989இல் மாவட்டம் பிரிந்து திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் ஆனது. பிறகு சம்புவராயரும் போய் வெறும் திருவண்ணாமலை மாவட்டம். மனிதன் வீட்டை விட்டு நகரவில்லை. அரசாங்கம்தான் அவனைச் சுற்றி இரண்டு முறை பெயர் மாறியிருக்கிறது. குடும்பப் பெயர் என்பதோ நம் பக்கத்தில் யாருக்கும் இல்லாத ஒரு சங்கதி. தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொள்கிற ஊரில், இல்லாத ஒன்றைக் கேட்கிற கட்டம் அது. ஏதாவது எழுதித்தான் ஆகவேண்டும். எழுதினால் மற்ற ஆவணத்தோடு முரண்படும். ஆக, மறுப்புக்கான காரணம் விண்ணப்பதாரனின் வாழ்க்கையில் இல்லை. படிவத்துக்குள்ளேயே அது காத்துக்கொண்டிருந்திருக்கிறது. படிவம் இப்படி எப்போதிலிருந்து காத்துக்கொண்டிருக்கிறது என்பதுதான் என் விசாரணை.

2

வரலாற்றுப் பாடப் புத்தகத்தில் எங்கள் ஊருக்கு ஒரே ஒரு தேதிதான்: 1760 ஜனவரி 22. அயர் கூட்டின் கம்பெனிப் படை லாலியின் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்த நாள். 'வாண்டிவாஷ் யுத்தம்' என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். அந்த வெற்றிக்குப் பின் உருவான வட ஆற்காடு ஜில்லா வேறு வகையான பிரதி ஒன்றில் திரும்பத் திரும்ப வருகிறது. கூலிக் கப்பல்களின் பயணிப் பதிவேடுகளைச் சொல்கிறேன்.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் 1,52,184 பேர். பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். அவர்களை அதிகம் அனுப்பிய ஜில்லாக்களில் வட ஆற்காடும் ஒன்று. பதிவேட்டின் கட்டங்களைப் பாருங்கள்: எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம். தழும்பு, மச்சம், அம்மை வடு எல்லாம் எழுதப்பட்டன. குடும்பப் பெயருக்குக் கட்டம் இல்லை. வங்கிக் கணக்குக்கும் இல்லை. 'திரும்பி வருவாயா?' என்று யாரும் கேட்கவில்லை.

மறுப்பே இல்லையா என்றால், இருந்தது. நோயாளியை டாக்டர் கழித்துவிடுவார். மாடு வாங்குகிறவனும் பல்லைப் பிடித்துப் பார்த்துத்தான் வாங்குகிறான். அந்தச் சோதனை உடலைப் பற்றியது. மனிதனின் நோக்கத்தைப் பற்றியது அல்ல. கரும்புத் தோட்டத்துக்கு நோக்கம் தேவைப்படவில்லை, கை கால் தேவைப்பட்டது. கூலியாகப் போகிறவரை கடல் திறந்தே கிடந்தது என்பதை நாம் அழுத்தமாகக் குறித்துக்கொள்ள வேண்டும். விண்ணப்பம் என்கிற எழுத்து வடிவம் அவனிடம் கேட்கப்படவே இல்லை. அவனைப் பற்றி மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

பிரச்சினை ஒப்பந்தம் முடிந்த மறுநாள் தொடங்குகிறது. கூலி சுதந்திர மனிதன் ஆகிறான். காய்கறி விளைவிக்கிறான், கடை வைக்கிறான், நிலம் வாங்குகிறான். அவனைத் தவிரவும் சொந்தக் காசில் கப்பலேறி வியாபாரிகள் வருகிறார்கள். 1895இல் நேட்டால் சட்டமன்றம் ஒரு வரி போட்டது: மறு ஒப்பந்தமும் எழுதாமல் இந்தியாவுக்கும் திரும்பாமல் இருக்கிறவன் ஆண்டுக்கு 3 பவுன் கட்டி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அடுத்தது 1897.

3

1896 டிசம்பரில் காந்தி உட்பட இந்தியப் பயணிகளை ஏற்றிவந்த இரண்டு கப்பல்கள் டர்பனுக்கு வெளியே ஏறத்தாழ நான்கு வாரம் நிறுத்திவைக்கப்பட்டன. காரணம் சொன்னது பிளேக் நோய். கரையில் கூடியது வெள்ளையர் கூட்டம். 1897 ஜனவரி 13 அன்றுதான் இறங்க முடிந்தது. காந்தி அடிபட்டார். அந்தக் கதை நமக்குத் தெரியும், ஏனென்றால் அதில் காந்தி இருக்கிறார். அதே ஆண்டு நேட்டால் நிறைவேற்றிய குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கதையை நாம் அவ்வளவாகச் சொல்லிக்கொள்வதில்லை.

அந்தச் சட்டத்தில் 'இந்தியன்' என்ற சொல் கிடையாது. நிறம், இனம் என்ற பேச்சே இல்லை. தடைசெய்யப்பட்ட குடியேறிகள் யார் யார் என்று வரிசைப்படுத்துகிறபோது முதலில் வருகிறவன் இவன்: அதிகாரி கேட்கும்போது, குடியேற்ற நாட்டுச் செயலாளருக்கான ஒரு விண்ணப்பத்தை ஐரோப்பிய மொழி ஒன்றின் எழுத்துகளில் தன் கையால் எழுதிக் கையெழுத்திடத் தெரியாதவன். படிவத்தின் வாசகமும் சட்டத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. என் பெயர் இது, கடந்த 12 மாதம் வசித்த இடம் இது, தொழில் இது, பிறந்த ஊரும் ஆண்டும் இவை, அவ்வளவுதான்.

இந்தக் கேள்விகளுக்கு வாயால் பதில் சொல்லத் தெரியாத ஆள் எங்கள் தாலுகாவில் அன்று ஒருவனும் இருந்திருக்க மாட்டான். தமிழில் ஓலையிலும் தாளிலும் கணக்கெழுதத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். ஆனால் படிவத்துக்குப் பதில் தேவையில்லை. கேட்பது போன்ற பாவனையில் அது கதவைச் சாத்துகிறது. விண்ணப்பம் என்பது அனுமதியை நோக்கிய முதல் படி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இங்கே விண்ணப்பமே மறுப்பின் கருவி. 'தேர்வு' என்கிற உத்தி மனிதனை ஆவணத்துக்குள் கொண்டுவந்து ஒரு 'கேஸ்' ஆக்குகிறது என்பார் ஃபூக்கோ. பள்ளியிலும் மருத்துவமனையிலும் அவர் பார்த்ததை டர்பன் துறைமுகத்தில் ஒரு மேசைமேல் வைத்துப் பார்க்கலாம். ஒரே ஒரு வித்தியாசம்: அங்கே தேறுவது சாத்தியம் என்கிற பாவனையாவது மிச்சமிருந்தது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒப்பந்தக் கூலிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று அதிலேயே விலக்கு உண்டு. கையெழுத்துத் தெரியாத கூலி தாராளமாக வரலாம். கையெழுத்துத் தெரியாத சுதந்திர மனிதன் வரக்கூடாது. ஆக, எழுத்தறிவு சோதிக்கப்படவில்லை, சுதந்திரம்தான் சோதிக்கப்பட்டது.

அதே 1897இல் குடியேற்ற நாட்டுப் பிரதமர்களின் மாநாட்டில் பிரிட்டிஷ் அமைச்சர் ஜோசப் சேம்பர்லின் இந்த முறையை மற்றவர்களுக்கும் முன்மாதிரியாகக் காட்டினார். இனத்தின் பெயரைச் சொல்லாமலே இனத்தை விலக்கிவிடலாம் அல்லவா. ஆஸ்திரேலியா 1901இல் அதை எடுத்துக்கொண்டது: அதிகாரி 50 சொற்களை ஏதேனும் ஓர் ஐரோப்பிய மொழியில் படிப்பார், வந்தவன் எழுத வேண்டும். எந்த மொழி என்பது அதிகாரி இஷ்டம். 1909க்குப் பிறகு அந்தச் சோதனையில் ஒருவரும் தேறவில்லை. 1934இல் எகோன் கிஷ் என்ற இடதுசாரி எழுத்தாளரைத் தடுக்க வேண்டியிருந்தது. பல ஐரோப்பிய மொழிகள் அறிந்தவர் அவர். ஸ்காட்லாந்து கேலிக் மொழியில் சொற்களைப் படித்து எழுதச் சொன்னார்கள். அது சட்டம் சொல்லும் ஐரோப்பிய மொழி அல்ல என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து அவருக்குச் சாதகமாக முடிந்தது. வெள்ளையரான ஓர் எழுத்தாளருக்குச் செய்யப்பட்டபோதுதான் இந்தச் சோதனையின் அபத்தம் உலகத்துக்குச் சிரிப்பாக இருந்தது. 1958 வரை அது சட்டத்தில் இருந்தது.

சிரிக்க முடியாத ஒரு கதை தமிழனுடையது. டிரான்ஸ்வாலில் கட்டாயப் பதிவுச் சட்டத்தை எதிர்த்த சத்தியாக்கிரகிகளைப் பிடித்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். சென்னையில் வந்து இறங்கியவர்களில் பலர் தமிழர்கள். சிலர் தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்தவர்கள், சென்னை அவர்களுக்கு அந்நிய ஊர். ஜி. ஏ. நடேசன் போன்றவர்கள் அவர்களைப் பராமரித்தார்கள். 1910இல் அவர்களில் ஒரு பகுதியினர் மறுபடி கப்பலேறித் திரும்பினார்கள். நாராயணசாமி என்பவர் அவர்களில் ஒருவர். ஒவ்வொரு துறைமுகமாக இறங்க அனுமதி மறுக்கப்பட்டது. நீதிமன்றம், மனு, தடையுத்தரவு என்று கரையில் காகிதங்கள் நடந்துகொண்டிருந்தபோது கப்பலின் மேல்தளத்தில் உடல் நனைந்து காய்ந்துகொண்டிருந்தது. 1910 அக்டோபர் 16 அன்று டெலகோவா பே துறைமுகத்தில், இன்றைய மபுட்டோவில், அவர் இறந்துபோனார். முறையீட்டுக்கு ஒரு காலம் இருக்கிறது, உடலுக்கு வேறொரு காலம் இருக்கிறது.

4

இதையெல்லாம் வெள்ளைக்காரன் செய்தான் என்று முடித்துவிட்டால் நிம்மதியாக இருக்கும். அதற்கு வழியில்லை. ராமேஸ்வரத்துக்கு எதிர்க்கரைக்குப் போவோம்.

இலங்கைத் தோட்டங்களுக்கு நம் ஆட்கள் போனபோதும் இதே கதைதான் முதலில். கங்காணி பிடித்துக்கொண்டு போனான். 1901 முதல் எந்தத் தோட்டத்துக்கு உரியவன் என்று எண் பொறித்த தகரத் துண்டு ஒன்று கூலிக்குக் கொடுக்கப்பட்டது. கழுத்தில் கட்டிக்கொண்டு போவான். மண்டபம் முகாமில் நோய்த் தடுப்புக்காகச் சில நாள் அடைத்துவைப்பார்கள். தகரம் இருந்தால் போதும், காகிதம் வேண்டாம்.

1948 பிப்ரவரியில் இலங்கை சுதந்திரம் பெற்றது. அவ்வாண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது: தகப்பன் இலங்கையில் பிறந்தான் என்றோ, பாட்டனும் பூட்டனும் பிறந்தார்கள் என்றோ நிரூபிக்க வேண்டும். லயத்தில் பிறந்த பாட்டனுக்குப் பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவது? இந்தச் சட்டத்தால் வெளியே தள்ளப்பட்டவர்களுக்காக 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வாசிகள் குடியுரிமைச் சட்டம் என்று ஒரு வழி திறந்தார்கள். விண்ணப்பிக்க 1951 ஆகஸ்ட் 5 வரை இரண்டு ஆண்டு அவகாசம். முதலில் இந்தியர் காங்கிரஸ் புறக்கணிக்கச் சொன்னது. பிறகு முடிவு மாறி, கடைசி மாதங்களில் விண்ணப்பங்கள் குவிந்தன. மொத்தம் 2,37,034 விண்ணப்பங்கள். குடும்பத்தினரையும் சேர்த்தால் ஏறத்தாழ 8,25,000 பேர்.

நிபந்தனைகள் என்ன? மணமானவர் 1946 ஜனவரி 1க்கு முன் 7 ஆண்டு, மணமாகாதவர் 10 ஆண்டு இடைவிடாமல் வசித்திருக்க வேண்டும். மனைவியும் மைனர் பிள்ளைகளும் தொடர்ந்து அங்கேயே வசித்தவர்கள் என்று காட்ட வேண்டும். போதுமான வருமானம் வேண்டும். நிரந்தரமாகத் தங்கும் எண்ணம் உண்டு என்பதை மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பிக்கும் சுமை முழுவதும் விண்ணப்பதாரன் தலையில். தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்த மனைவி நீண்டநாள் தங்கிவிட்டால், இடைவிடாத வசிப்பு அறுந்துபோயிற்று. ஊரிலிருக்கும் கிழவிக்கு அனுப்பிய மணியார்டர், இந்தியாவோடு பற்று வைத்திருக்கிறான் என்பதற்குச் சாட்சி. எந்தத் தோட்டத்தில் எத்தனை வருஷம் வேலை செய்தான் என்பதற்கான செக்ரோல் தோட்டத்துரையின் அலுவலகத்தில். அடையாளம் இவனுடையது, ஆவணம் அவனுடையது.

நடைமுறை ஒழுங்காகத்தான் இருந்தது, சும்மா சொல்லக்கூடாது. விசாரணை அதிகாரியின் அறிக்கை, காரணம் காட்டச் சொல்லி நோட்டீஸ், பதில், விசாரணை, ஆணையாளரின் மறுப்பு, பிறகு உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு. சில மேல்முறையீடுகள் ஜெயிக்கவும் செய்தன. கோடாகன் பிள்ளை வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போனது. அந்தச் சட்டங்கள் ஓர் இனத்துக்கு எதிரானவை என்ற வாதத்தை 1953இல் கவுன்சில் ஏற்கவில்லை. 1949ஆம் ஆண்டுச் சட்டம் வழி திறந்துவைத்திருக்கிறதே என்றும் சுட்டியது. விண்ணப்பிக்கலாம் என்கிற சாத்தியமே விலக்கலை நியாயப்படுத்துகிற தர்க்கமாகிவிட்டது. நேட்டாலின் பாடத்தை லண்டனும் கொழும்பும் மறக்கவில்லை. கடைசியில் அந்த 8,25,000 பேரில் குடியுரிமை பெற்றவர்கள் 1,34,000 பேர் அளவில்தான்.

மிச்சப் பேரை இரண்டு அரசுகள் உட்கார்ந்து பங்கு போட்டன. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974இல் அதையும் ஆளுக்குப் பாதியாக 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். பாகப்பிரிவினையில்கூட பசுமாட்டை இழுத்துப்போகும்போது அது கத்துவது காதில் விழும்.

5

மேல்முறையீடு என்ற சொல்லுக்கு வருகிறேன். மறுப்பு அநியாயமானால் மேலே கேட்கலாம் என்பதுதானே நவீன அரசின் வாக்குறுதி.

1983க்குப் பிறகு ஈழத் தமிழர்கள் லண்டனுக்கு ஓடினார்கள். 1985 மே மாதத்தில் பிரிட்டன் இலங்கையர் விசா பெற்றே வரவேண்டும் என்றது. காமன்வெல்த் நாடொன்றுக்கு அப்படி விதித்தது அதுவே முதல்முறை. உயிர் தப்பி ஓடுகிறவன், எந்த அரசிடமிருந்து ஓடுகிறானோ அதன் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு போய், 'நான் திரும்பி வந்துவிடுவேன்' என்று விசா அதிகாரியிடம் உறுதி சொல்ல வேண்டும். 1987 பிப்ரவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில் திருப்பியனுப்பப்படவிருந்த தமிழர்கள் உள்ளாடையோடு நின்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள். படிவம் கேளாத மொழியில் எழுதப்பட்ட விண்ணப்பம் என்று அதைச் சொல்லலாம். வழக்கறிஞர்கள் நீதிமன்றத் தடை வாங்கினார்கள். அரசு அந்த ஆண்டே வேறு சட்டம் கொண்டுவந்தது: சரியான ஆவணமில்லாத பயணியை ஏற்றிவரும் விமான நிறுவனத்துக்குத் தலைக்கு 1,000 பவுன் அபராதம். எல்லை, துறைமுகத்திலிருந்து டிக்கெட் கவுண்டருக்கு நகர்ந்தது.

ஐந்து தமிழ் இளைஞர்களின் வழக்கு இதில் முக்கியமானது. 1987 டிசம்பரில் பிரபுக்கள் சபை அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1988 பிப்ரவரியில் கொழும்புக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கு மேல்முறையீட்டு உரிமை உண்டு. ஆனால் நாட்டுக்கு வெளியே போன பிறகுதான். அதாவது எங்கே ஆபத்து என்று சொன்னார்களோ அங்கே உட்கார்ந்துகொண்டு, அங்கே ஆபத்து என்று முறையிட வேண்டும். 1989 மார்ச்சில் தீர்ப்பாளர் அவர்களுடைய அச்சம் நியாயமானதே என்றார். அந்த ஆண்டு அக்டோபரில் லண்டனுக்குத் திரும்பினார்கள். 1991 அக்டோபர் 30 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அவர்களைத் திருப்பியனுப்பியதில் உரிமை மீறல் இல்லை என்று சொல்லிவிட்டது. ஜெயித்தார்கள், ஆனால் தோற்கடித்தது தவறில்லை என்றும் ஆயிற்று. முறையீடு பயனற்றது என்று நான் சொல்ல வரவில்லை. அந்த ஐந்து பேருக்கும் அது உயிர். ஆனால் ஒரு தவறான முடிவை அது திருத்துகிறபோது, முடிவெடுக்கிற முறையைக் காப்பாற்றியும் கொடுக்கிறது.

6

இனி நம் பக்கம். 1984இல் தலைமன்னார் கப்பல் நின்றது. ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு வரவேண்டியவர்களில் ஒரு பகுதியினர் அங்கேயே தங்கினார்கள். அவர்களுக்கு இலங்கை 2003இல் குடியுரிமை தந்தது. மலையகத்து வேர் கொண்ட வேறு சிலர் கலவரங்களில் தப்பிப் படகேறி நம்மிடம் வந்தார்கள். பாட்டன் பூட்டன் திருச்சியிலோ சேலத்திலோ வட ஆற்காட்டிலோ பிறந்தவன். இந்தியச் சட்டத்தின் கண்ணில் அவர்கள் 'சட்டவிரோதக் குடியேறிகள்'. 2019 ஜூனில் மதுரைக் கிளை நீதிமன்றம், அப்படிப்பட்ட 65 பேரின் மனுவில், அவர்கள் புதிதாக விண்ணப்பிக்கட்டும், அரசு பரிசீலிக்கட்டும் என்றது. அவ்வாண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை என்ற பெயரே இல்லை. 2021இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. பெயர் மாற்றியது நல்லதுதான். சாயங்காலம் ஆளெண்ணிக்கைக்கு நின்றவனின் குடியுரிமைக் கட்டம் மட்டும் காலியாகவே இருந்தது.

நேட்டால் படிவத்தை வாசித்துக் கோபப்படுகிற நாம் இந்த முகாம்களைக் கடந்து பஸ்ஸில் போகிறோம். படிவத்துக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தால் நமக்கும் அதே கண்தான் வாய்க்கிறது.

பாய்த் தறிக்காரர் கேட்டதற்கு இப்போது என்னால் பதில் சொல்ல முடியும். அந்தக் கடிதத்தில் நீங்கள் பொய் சொன்னதாகவும் எழுதவில்லை, நிஜம் சொன்னதாகவும் எழுதவில்லை. உங்களைக் கூலியாகக் கேட்கவில்லை என்று மட்டும் எழுதியிருக்கிறது. போய்ச் சொன்னேன். தறியை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டார். கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தபோது வாங்கி, வீட்டுப் பத்திரம் இருந்த மஞ்சள் பையில் வைத்தார். 'எதுக்கு இது, கிழிச்சுப் போடுங்க' என்றேன்.

'ஐயோ, வேணாம் சார். பையன் அடுத்த பாரத்த எடுத்துப் பாத்துட்டான். இதுக்கு முன்னாடி எங்கனா மறுத்துகீறாங்களானு அதுல ஒரு கேள்வி கீதாம். ஆமான்னு எழுதினா இத்தக் காட்டணுமாம்.'